மேற்குச் சுவர்

இந்தப் பாதையில் எனக்கு இருநூற்றுப் பதினாறு வீடுகள்.
ஆள் பெயர் பாதி தெரியாது,
யூனிட் தெரியும்.
கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பின்னால்
பச்சைக் கேட் வீடு:
சித்திரை ரீடிங்கில் அறுநூறுக்குக் குறைந்ததில்லை.
நாய் கிடையாது. அதனால் பிடிக்கும்.

மார்கழியில், காலை ஏழரைக்கு,
நாச்சிமுத்து அண்ணன் அந்த வீட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.
கணவாய்க் காற்று கிழக்கே இருந்து வந்து
ஜன்னல் கதவுகளைப் படபடவென்று அடித்தது.
“பாருங்க, ஃபேனே வேண்டாம்.”

பார்க்க வந்தவள் ஜெசிந்தா.
பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட்.
காலை ஒன்பது முதல் நாலு வரை தூங்கியாக வேண்டும்.
எல்லாரும் தண்ணீரைக் கேட்பார்கள்,
இவள் கரண்ட் பில்லைக் கேட்டாள்.

நான் அப்போதுதான் மீட்டர் பெட்டியைத் திறந்திருந்தேன்.
வீடு ரெண்டு மாசமாய்க் காலி.
மிஷின் கரகரத்து நாக்கை நீட்டியது: நாலு யூனிட்.
அவர் அதைக் கிழித்து
விபூதி கொடுப்பதுபோல் அவள் கையில் வைத்தார்.
பில் மலையாளத்தில் வரும்.
நம்பருக்குப் பாஷை இல்லை.

“ஏசி அஞ்சு ஸ்டாருங்க” என்றார் அதோடு.
ஏசிக்கு ஸ்டார் இருக்கிறது, ஃப்ரிட்ஜுக்கு இருக்கிறது,
தலைக்குமேல் சுற்றுகிற ஃபேனுக்கும் வந்துவிட்டது.
இதையெல்லாம் வயிற்றில் வைத்திருக்கும் வீட்டுக்கு
ஒரு ஸ்டிக்கர் இல்லை.
பழைய சைக்கிள் விற்பவன்கூட
ஒரு சுற்று மிதித்துப் பார்க்க விடுவான்.
வீட்டை மார்கழியில் காட்டி
பங்குனிக்கும் சேர்த்து அட்வான்ஸ் வாங்குகிறார்கள்.

ஒருத்தர் ரீடிங்கை இன்னொருத்தரிடம் சொல்லக்கூடாது.
சொல்லவில்லை.
மீட்டர் மாட்டியிருக்கிற மேற்குச் சுவரை
விரல் முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டினேன்.
நாலரை இஞ்சு. அந்தப் பக்கம் படுக்கையறை.
அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.
தட்டிப் பார்த்து உள்ளே என்னவென்று சொல்கிற இடத்தில்
வேலை செய்பவள்.

இருந்தும் குடிவந்தாள்.
பஸ் ஸ்டாப்புக்கு நாலு நிமிஷ நடை.
வாடகையில் ஐநூறு குறைக்கக் கேட்டாளாம்,
சிரித்தாராம்.

மாசியில் போனபோது
சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி மூங்கில் ஊன்றி
பச்சை வலை கட்டியிருந்தது. அடியில் கோவைக்கொடி.
சித்திரையில் மொட்டைமாடி சுண்ணாம்பு வெள்ளை,
தெருவிலிருந்து பார்த்தாலே கண் கூசியது.
“வாடகை வீட்டுக்கு எவளாவது வெள்ளையடிப்பாளா?”
அண்ணன் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மிஷின் சொன்னது: இருநூற்று முப்பத்தொன்று.
நம்பாமல் சீலைத் திருகிப் பார்த்தேன்.
சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவள்
தூக்கம் கலையாத முகத்தோடு
“திருடலைக்கா” என்றாள்.

அந்த பில்லை அண்ணன் காப்பி எடுத்து
லாமினேட் பண்ணினார்.
பதினோரு மாசம் முடிந்ததும்
ஆயிரத்தைந்நூறு ஏற்றினார்.
“கரண்ட் செலவு கம்மியான வீடும்மா.”

கார்த்திகையில் டெம்போ வந்தது.
பச்சை வலை சுருட்டி மேலே, மூங்கில் பக்கவாட்டில்.
சுண்ணாம்பைப் பாதிக்குமேல் மழையே கொண்டுபோயிருந்தது.
கொடியை மட்டும் அவளால் எடுத்துப்போக முடியவில்லை.
சுவரில் ஈரம் ஏறும் என்று அதை அவர் வெட்டினார்.

இப்போது பொள்ளாச்சியிலிருந்து மாற்றலாகி வந்த
பேங்க்காரர், குணசீலன்.
சித்திரை, மத்தியானம் மூன்று மணி.
ஐநூற்றுத் தொண்ணூற்றேழு.
அவர் உள்ளே போய்
ஹாலில் ஆணியடித்து மாட்டியிருந்த அந்தப் பழைய பில்லைக் கழற்றி வந்து
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.
“மீட்டர் வேகமா ஓடுதோ?”

“மீட்டர் சரியாத்தான் ஓடுது.”

பெட்டியை மூடும்போது புறங்கை சுவரில் பட்டது.
வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.
இன்னும் எழுபது வீடு பாக்கி.